பார்க்காத விலங்கை மாடல் கண்டுபிடிப்பதில் சிக்கல், வழி சொல்லுங்களேன்

ஏடபிள்யூஏ2 (AwA2) என்ற விலங்குப் படங்களின் டேட்டாசெட்டில் வேலை பார்க்கிறேன். 50 விலங்குகள், 85 பண்புகள்: உடம்பில் வரி உண்டா, நீந்துமா, குளம்பு உண்டா என்று. 40 விலங்குகளின் படங்களில் பயிற்சி. மீதி 10 விலங்குகளைப் பண்புகளை வைத்தே மாடல் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பத்துக்குள் மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சமாளிக்கிறது. ஐம்பதையும் திறந்துவிட்டால் போச்சு! பயிற்சியில் பார்க்காத டால்ஃபினை, பார்த்துப் பழகிய ஓர்கா திமிங்கிலம் என்கிறது. பழகிய 40 வகைகளுக்கு மாடல் தரும் ஸ்கோரில் ஒரு மாறிலியைக் கழித்தால் ஓரளவு சரியாகிறது. ஆனால் அது எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? டெஸ்ட் படங்களைப் பார்த்து வைத்தால் ஏமாற்று வேலை. நாற்பதில் சிலவற்றை ஒதுக்கிவைத்துப் பார்க்கலாமா? எவற்றை ஒதுக்குவது, நெருங்கிய இனங்களையா, கண்ணை மூடிக்கொண்டா?

கிளிப் மாடலைப் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். 40 கோடி படங்களை வாசகங்களோடு பார்த்துப் பழகியது, அதில் டால்ஃபின் இல்லாமலா இருக்கும்? அப்புறம், யாரிடமாவது கோட் இருந்தால் பகிருங்கள்.