முதல் மீன் குழம்பு, கொஞ்சம் கைகொடுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஈரோட்டுலேர்ந்து கடலூருக்கு மாறி வந்து நாலு மாசம் ஆச்சு. எங்க ஊர்ல கடல் மீன்னா ஐஸ் பெட்டியில வர்றதுதான். வீட்ல அம்மா கறி, கோழியோட சரி. நான் இதுவரைக்கும் மீன் சமைச்சதே இல்ல.

இன்னைக்கு விடியக்காலைல முதுநகர் துறைமுகத்துக்குப் போயி ஒரு கிலோ சங்கரா வாங்கிட்டேன். கண்ணு பளபளன்னு, செவுளைத் தூக்கிப் பார்த்தா நல்ல சிவப்பு. செதில் உரசிக் கொடுத்த அக்கா, "தலையைத் தூக்கிப் போட்றாத தம்பி, குழம்புக்கு ருசியே அதுலதான்"னு சொல்லி அனுப்பினாங்க. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூணு தண்ணி அலசி வெச்சிருக்கேன்.

இப்ப சந்தேகம். ஒரு கிலோவுக்குப் புளி எவ்வளவு? எலுமிச்சை அளவுன்னா எந்த எலுமிச்சை, சின்னதா பெருசா? குழம்பு நல்லா கொதிச்சு எண்ணெய் பிரிஞ்சப்புறம்தான் மீனைப் போடணும், கரண்டி விடாம சட்டியைச் சுத்தி விடணும்னு தெரியும். ஆனா போட்டப்புறம் எத்தனை நிமிஷம்? அஞ்சா, பத்தா? தேங்காய் அரைச்சு ஊத்தலாமா, இல்ல இந்தப் பக்கம் அது வழக்கமில்லையா?

இன்னொண்ணு, மண்சட்டி நேத்துதான் வாங்கினேன், இன்னும் பழக்கல. அரிசி கழுவின தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சா ஒரே நாள்ல போதுமா? இல்லன்னா இன்னைக்கு அலுமினியச் சட்டிதான்.

மதியத்துக்கு மாமனார் வர்றாரு. அவரு பரங்கிப்பேட்டைக்காரர், மீனைப் பத்தி அவர்கிட்ட வாய் திறக்க முடியாது. பதினொரு மணிக்குள்ள யாராச்சும் சொல்லுங்க.