1858, இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமம்: வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக்) கொலையாளி கைக்கு எப்படி வரும்?

நான் எழுதும் விக்டோரியா காலத் துப்பறியும் தொடரின் இரண்டாம் நாவல் ஆறாம் அத்தியாயத்தில் நிற்கிறது. பண்ணை வீட்டுச் சமையல்காரி, முதலாளியின் பால் கஞ்சியில் ஆர்சனிக் கலக்கிறாள். விடுதிக் கூடத்தில் மரண விசாரணை, ஆர்சனிக்கைக் கண்டறியும் மார்ஷ் சோதனையில் கண்ணாடிக் குழாயில் படியும் கறுப்புப் பளபளப்பு, அதெல்லாம் எழுதியாயிற்று. வாங்கிய இடத்தில்தான் கதை ஓட்டை.

1851 ஆர்சனிக் சட்டப்படி கடைக்காரர் விற்பனையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முன்பின் தெரியாதவர் வாங்கினால் இருவருக்கும் தெரிந்த சாட்சி வேண்டும். ஒரு பவுண்டு எடைக்கு ஒரு அவுன்ஸ் புகைக்கரி அல்லது அரை அவுன்ஸ் அவுரிநீலம் கலந்தே தர வேண்டும். வெள்ளைக் கஞ்சியில் கரி மிதந்தால் குருடனும் கண்டுபிடித்துவிடுவான்!

யோசித்துக் கைவிட்டவை: நிறம் கலக்காமல் வாங்குவது. அதற்குக் குறைந்தது 10 பவுண்டு எடை வாங்க வேண்டும், விவசாயத் தேவைக்கு அந்த விலக்கே கிடையாது, ஆகவே கோதுமை விதை நனைக்க என்ற சாக்கு செல்லாது. ஆர்சனிக் கலந்த மருந்தான ஃபவுலர் திரவம் மருந்துச் சீட்டில் வரும், ஆனால் அதன் லாவண்டர் வாசனையும் செந்நிறமும் காட்டிக்கொடுத்துவிடும். 1851-க்கு முந்தைய பழைய பொட்டலம் பரணில் கிடைத்தது என்றால் வாசகர் சிரிப்பார். கஞ்சியை வெல்லப்பாகுக் களியாக மாற்றினால் நிறம் மறையும். பதிவேடு அப்படியே நிற்கும்.

பதிவேட்டில் அவள் பெயர் விழாமல், நிறமற்ற ஆர்சனிக் அவள் கைக்கு வர அந்தக் காலத்துக்குப் பொருந்தும் வழி எது?