புதுப்பிப்பு: முந்தின இரவே தீட்டும் கத்தி

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் மாமா கத்தியை முந்தின இரவே தீட்டிவிடுவார், நானும் என் தையல் வேலைக்கு அப்படி முந்தின இரவே தயார்செய்யப் பழகப்போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். காலையில் தீட்டினால் என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாமாவிடமே கேட்டேன். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அந்த நேரத்தைக் கல்லுக்குக் கொடுக்க முடியாதாம். மழுங்கின கத்தி பட்டையைச் சீவாது, பிய்க்கும். காயம் பட்டைக்கு உள்ளே இருக்கும் மரக்கட்டைவரை போனால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே வெட்டுவது கஷ்டம்.

மார்த்தாண்டத்தில் என் தையல் கடையில் இப்போது பாபினில் நூல் சுற்றி, மிஷினுக்கு எண்ணெய் விட்டபிறகே ஷட்டரை இறக்குகிறேன். இரவில் எண்ணெய் கசிந்து இறங்கும். அதனால் காலையில் முதலில் வெட்டுத்துணியில் ஓட்டுகிறேன். கத்தரியை மட்டும் சாணைக்காரரிடமே கொடுக்கிறேன். மாமாவின் கல் அதற்குச் சரிப்படாது.