ஜார்ஜியா தேர்தல் சட்டம்: ஆல்-ஸ்டார் ஆட்டம் திரும்பி வந்துவிட்டது, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஆல்ஃபரெட்டா அருண்

2021 மார்ச்சில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் குடியரசுக் கட்சி கவர்னர் பிரையன் கெம்ப் எஸ்.பி. 202 என்ற தேர்தல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கிறதா? அன்றைய அதிபர் பைடன் அதை '21ஆம் நூற்றாண்டின் ஜிம் க்ரோ' என்றார். அதாவது, கறுப்பினத்தவரை ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவிடாமல் செய்த பழைய தெற்கத்திச் சட்டங்களோடு ஒப்பிட்டார். கோகோ கோலாவும் டெல்டாவும் கண்டன அறிக்கை விட்டன. பேஸ்பால் லீக் தன் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து டென்வருக்குத் தூக்கிக்கொண்டு போனது. அந்த நஷ்டம் இங்குள்ள சின்ன ஹோட்டல்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்தான். ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸே அப்போது புறக்கணிப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

2025 ஜூலையில் அதே ஆட்டம் அட்லாண்டாவை ஒட்டிய காப் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தது. சட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இடையில் என்ன நடந்தது? 2022 கவர்னர் தேர்தலில் கெம்ப் ஏப்ரம்ஸைக் கிட்டத்தட்ட 3 லட்சம் ஓட்டில் வென்றார். அதே தேர்தலில் செனட் இடத்தை ஜனநாயகக் கட்சியின் வார்னாக் ரன்-ஆஃபில், அதாவது யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காதபோது நடக்கும் இரண்டாம் சுற்றில், வென்றார். 2024இல் முன்கூட்டியே வாக்களிக்கும் முதல் நாளிலேயே 3 லட்சத்துக்கும் மேல் விழுந்தது. 2025 நவம்பரில், மின்கட்டணம் போன்றவற்றை முடிவு செய்யும் பொதுச் சேவை ஆணையத்தின் இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி பெரிய வித்தியாசத்தில் அள்ளிக்கொண்டது. ஓட்டுரிமை பறிபோன மாநிலத்தில் இதெல்லாம் எப்படி நடக்கிறது? நேர்மையான பதில் வேண்டும்.

கயல்_டிகேட்டர்

நிறையப் பேர் ஓட்டுப் போட்டார்கள், அதனால் சட்டம் நல்லது என்பது என்ன கணக்கு அருண்? பஸ்ஸை நிறுத்தினால் சிலர் நடந்தாவது ஆபீஸுக்குப் போவார்கள். அதற்காக பஸ் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது.

சட்டம் செய்ததைப் பார்ப்போம். 2020இல் அட்லாண்டா பகுதியின் ஃபுல்டன், டிகால்ப், காப், குவின்னெட் என்ற நான்கு கவுண்டிகளில் தபால் ஓட்டைப் போட 94 பெட்டிகள் இருந்தன. புதிய கணக்குப்படி அதிகபட்சம் 23. அதுவும் முன்வாக்களிப்பு நடக்கும் கட்டடத்துக்குள்ளே, அது திறந்திருக்கும் நேரத்தில் மட்டும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு அதனால் என்ன பயன்? ஃபுல்டன் கவுண்டி ஓட்டிய நடமாடும் ஓட்டுச்சாவடி பஸ்களுக்கு, அவசரநிலை தவிர, தடை. தபால் ஓட்டுக்கு 180 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பது 78 நாளானது. கடைசித் தேதி தேர்தலுக்கு 11 நாள் முன்பு.

இதில் வேடிக்கை, காரணம் சொல்லாமல் யாரும் தபால் ஓட்டுப் போடலாம் என்று 2005இல் சட்டம் கொண்டுவந்ததே குடியரசுக் கட்சிதான். அவர்கள் கட்சி வயதானவர்கள் பயன்படுத்திய வரை அது நல்ல வழி. 2020இல் எதிர்த் தரப்பு பயன்படுத்தியதும் அதில் குறை தெரிந்துவிட்டது. பைடன் 11,779 ஓட்டில் ஜெயித்தார், நான்கு மாதத்தில் சட்டம் வந்தது. தற்செயலா?

ஆல்ஃபரெட்டா அருண்

அந்தப் பெட்டிகளே கொரோனாவுக்காகப் போட்ட அவசர விதியில் வந்தவை. 2020க்கு முன் ஜார்ஜியாவில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. இப்போது 159 கவுண்டியிலும் குறைந்தது ஒன்று கட்டாயம். அட்லாண்டாவில் குறைந்தது உண்மை. ஆனால் 2020இல் ஒன்றுகூட இல்லாத கிராமத்துக் கவுண்டிகளுக்கு இப்போது கிடைத்திருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

அப்புறம் கையெழுத்து விவகாரம். முன்பு தபால் ஓட்டு உறையில் உள்ள கையெழுத்தைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என் அம்மா தமிழில் கையெழுத்துப் போடுகிறவர். கை நடுக்கத்தில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இப்போது லைசென்ஸ் நம்பரை எழுதினால் போதும். ஒரு க்ளார்க்கின் கண்ணை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். அந்தக் கையெழுத்து ஒப்பீட்டு முறையை ஜனநாயகக் கட்சிக்காரர்களே எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள்தானே?

2,000 வாக்காளருக்கு மேல் உள்ள சாவடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை நின்றால், அடுத்த தேர்தலுக்குள் சாவடியைப் பிரிக்க வேண்டும், அல்லது ஆளும் இயந்திரமும் கூட்ட வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. டிவியில், வரிசையில் நிற்பவர்களுக்கு வெளியாட்கள் தண்ணீர் பாட்டில் கொடுக்கக் கூடாது என்ற தடையை மட்டும்தான் காட்டினார்கள்.

செந்தில்_கம்மிங்

நீங்கள் இருவரும் மேலோட்டமாகவே பேசுகிறீர்கள். இந்தச் சட்டம் வந்ததே 2020இல் ஃபுல்டனில் நடந்ததை யாரும் ஒழுங்காக விசாரிக்காததால்தான். சட்டமன்றம் செய்ய வேண்டிய முடிவுகளைக் கோர்ட் சமரசம் என்ற பெயரில் தேர்தலை மேற்பார்வை செய்யும் மாநிலச் செயலர் ராஃபன்ஸ்பெர்கர் தானே எடுத்தார். கெம்ப் வேடிக்கை பார்த்தார். அருண் அண்ணே, நீங்கள் கெம்ப்பைத் தலையில் தூக்கி வைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அவர் நம்மை விட்டுக்கொடுத்தவர்.

ஆல்ஃபரெட்டா அருண்

செந்தில், கிட்டத்தட்ட 50 லட்சம் காகித ஓட்டையும் கையால் எண்ணினார்கள். அப்புறம் இயந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. எண்ணச் சொன்ன ராஃபன்ஸ்பெர்கர் உங்கள் கட்சிக்காரர், சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கவர்னரும் உங்கள் கட்சிக்காரர். 2022 பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், டிரம்ப் ஆதரித்த டேவிட் பெர்டூவை எதிர்த்து கெம்ப் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். யார் யாரை விட்டுக்கொடுத்தார் என்று குடியரசுக் கட்சி ஓட்டர்களே சொல்லிவிட்டார்கள்.

மதுரை மணி

நான் இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஒரு அடிப்படைச் சந்தேகம். ஊரில் தேர்தல் ஆணையம் என்று ஒன்று, அதைத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். இங்கே 2018இல் கெம்ப் கவர்னர் பதவிக்கு நின்றபோது, தேர்தலை மேற்பார்வை செய்த மாநிலச் செயலரும் அவரேதானாமே? ஆட்டக்காரரே அம்பயரா?

கயல்_டிகேட்டர்

ஆமாம் மணி. ஏப்ரம்ஸை சுமார் 55,000 ஓட்டில் வென்றார். ஓட்டுப் பதிவான பிறகுதான் அந்தப் பதவியை விட்டார். அந்தத் தேர்தலுக்கு முன் 53,000 பதிவு விண்ணப்பங்கள் நிலுவையில் கிடந்தன. பெயரில் ஒரு எழுத்து, ஒரு ஹைஃபன் மாறினாலும் பொருந்தவில்லை என்று நிறுத்திவைக்கும் விதி. பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர். நம் ஆட்களின் பெயர்களை நினைத்துப் பாருங்கள், அப்பா பெயர் முன்னால் ஓர் ஆவணத்தில், பின்னால் இன்னோர் ஆவணத்தில். குடியுரிமை வாங்கியவர்களுக்கு இன்னொரு தலைவலி: லைசென்ஸ் பதிவேட்டில் பழைய விசா நிலையே இருக்கும், உடனே 'குடிமகன் அல்ல' என்று கொடி காட்டும். 2018 நவம்பரில் ஃபெடரல் நீதிமன்றம் தலையிட்டு, சான்று காட்டினால் சாவடியிலேயே வழக்கமான ஓட்டுப் போடலாம் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது என் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் எரிச்சல்தான், சமாளிக்கலாம். எனக்குப் பயம் தருவது யார் கையில் அதிகாரம் என்பது. 2021 ஜனவரி 2ஆம் தேதி டிரம்ப் போன் போட்டு 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ராஃபன்ஸ்பெர்கர் மறுத்தார். மூன்றே மாதத்தில் எஸ்.பி. 202 அவரை மாநிலத் தேர்தல் வாரியத் தலைவர் பதவியிலிருந்து தூக்கியது. தலைவரைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும் என்றானது. கவுண்டி வாரியங்களைத் தற்காலிகமாகக் கையிலெடுக்கும் அதிகாரமும் மாநில வாரியத்துக்குக் கிடைத்தது.

விளைவை 2024இல் பார்த்தோம். ஆகஸ்டில் அட்லாண்டா கூட்டத்தில் டிரம்ப் வாரியத்தின் மூன்று பேரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அடுத்த மாதமே அந்த மூவரும் 3-2 என்று ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள்: தேர்தல் இரவில் ஒவ்வொரு சாவடியிலும் ஓட்டுச்சீட்டு எத்தனை என்று கையால் எண்ண வேண்டும். தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லை. கவுண்டி அதிகாரிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ராஃபன்ஸ்பெர்கரே வேண்டாம் என்றார். அவர் பேச்சை யார் கேட்பது, அவர்தான் தலைவர் இல்லையே!

ஆல்ஃபரெட்டா அருண்

கதையின் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த விதியை நீதிபதி மெக்பர்னி அக்டோபரிலேயே தடுத்தார். இன்னொரு நீதிபதி ஏழு விதிகளைச் செல்லாது என்றார். 2025 ஜூனில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், பெரும்பாலும் குடியரசுக் கட்சி கவர்னர்கள் நியமித்த நீதிபதிகள், அவற்றில் நான்கை ரத்து செய்தது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஃபுல்டனைக் கையிலெடுக்கப் போகிறார்கள் என்று பயமுறுத்தினீர்கள். ஆய்வுக் குழு 2023இல் அது வேண்டாம் என்றது, வாரியமும் விட்டுவிட்டது. தடுப்புகள் வேலை செய்கின்றன.

கயல்_டிகேட்டர்

நான்கு ரத்தானது. டிரம்ப் சுமார் 1,15,000 ஓட்டில் ஜெயித்ததால் யாரும் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. மறுபடி 11,779 என்று வந்திருந்தால்? பைடன் காலத்து நீதித்துறை இந்தச் சட்டத்தின் மீது போட்ட வழக்கை 2025 மார்ச்சில் டிரம்ப் அரசின் அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி வாபஸ் வாங்கிவிட்டார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடராஜன்_சவானா

குழந்தைகளே, கொஞ்சம் பொறுங்கள். இந்த ஊரில் விதியை வளைப்பது ஒரு கட்சியின் தனிச் சொத்து அல்ல. ரன்-ஆஃப் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் உச்ச நீதிமன்றம் தலைக்கு ஒரு ஓட்டு என்றில்லாமல் கவுண்டிக்கு இத்தனை என்று எண்ணிய பழைய கவுண்டி யூனிட் முறையை ரத்து செய்ததும், கறுப்பின வாக்காளர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒருவரை ஜெயிக்கவைத்துவிடக் கூடாது என்று 50 சதவீத விதியைக் கொண்டுவந்தவர்கள் அன்றைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அதே ரன்-ஆஃபில்தான் வார்னாக் இரண்டு முறை ஜெயித்தார்! ஏப்ரம்ஸும் 2018 தோல்வியை முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அமைப்பு போட்ட வழக்கு 2022இல் தோற்றது. அதை 2020 டிரம்ப்போடு சமமாக வைக்க மாட்டேன், போன் போட்டு ஓட்டைக் கண்டுபிடி என்று அந்த அம்மா கேட்கவில்லை. ஆனாலும் மறந்துவிடவும் முடியாது.

செந்தில்_கம்மிங்

நடராஜன் சார் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். பட்டியலில் இறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் பெயரைச் சாதாரண வாக்காளரே எதிர்க்கலாம் என்று சட்டம் அனுமதித்தது ஒன்றுதான் எனக்குத் திருப்தி. அதில் என்ன தப்பு?

கயல்_டிகேட்டர்

ஒரே ஆள் எத்தனை பெயரை வேண்டுமானாலும் எதிர்க்கலாம், வரம்பே இல்லை என்பதுதான் தப்பு. 2022இல் குவின்னெட்டில் ஒரே குழு 30,000க்கும் மேல் கொண்டுவந்து கொட்டியது. பெரும்பாலும் தள்ளுபடி. ஆனால் தேர்தல் நேரத்தில் ஊழியர்கள் அந்தக் காகிதத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

மதுரை மணி

சரி, 2026க்கு வருவோம். கெம்ப் மறுபடி நிற்க முடியாது. ராஃபன்ஸ்பெர்கர் கவர்னர் பதவிக்குப் போட்டியில் இறங்கினார். துணை கவர்னர் பர்ட் ஜோன்ஸும் இறங்கினார், டிரம்ப் ஆதரவோடு. 2020இல் ஜார்ஜியாவில் டிரம்ப்தான் ஜெயித்தார் என்று போட்டியாகத் தயாரித்த மாற்று எலெக்டர் (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி) பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் ஜோன்ஸ். இவர்களில் யார் வந்தாலும் சட்டம் அதேதானே?

ஆல்ஃபரெட்டா அருண்

சட்டம் அதேதான், வாரியத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பது மாறலாம். அந்த ஒரு விஷயத்தில் கயல் சொல்வதை ஒதுக்க முடியவில்லை. ஜோன்ஸுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். மற்றபடி எஸ்.பி. 202 எனக்குச் சம்மதமே.

கயல்_டிகேட்டர்

அதற்குள் இன்னொரு கூத்து வருகிறது. 2025 நிலவரப்படி நம் ஓட்டுச்சீட்டில் அச்சாகும் க்யூஆர் கோடைத்தான் ஸ்கேனர் படிக்கிறது. அது 2026 ஜூலைக்குள் போயாக வேண்டும் என்று 2024இல் போட்ட சட்டம் சொன்னது. மாற்று முறைக்குச் சட்டமன்றம் 2025 கடைசி வரை பணம் ஒதுக்கவில்லை. மே மாதப் பிரைமரி ஒரு முறையில், நவம்பர் தேர்தல் வேறு முறையில் என்றால் ஊழியர்களுக்குப் பயிற்சி எப்போது? அருண், செந்தில், ஒவ்வொரு ஜனவரியிலும் சட்டமன்றக் கூட்டத்தொடர் ஆரம்பிக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினர்கள் இருவருமே குடியரசுக் கட்சியாக இருந்தால், இதை அவர்களிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால் மதிக்க மாட்டார்கள்.

செந்தில்_கம்மிங்

க்யூஆர் கோடு போகட்டும் என்று முதலில் கேட்டதே எங்கள் ஆட்கள்தான். பணம் ஒதுக்கவில்லை என்பது எனக்குச் செய்தி. கேட்கிறேன்.