மறையா, எதிரா? கலர் நெகட்டிவுக்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் எழுதும் 120 பிலிம் (தாளோடு சேர்த்துச் சுற்றிய அகலமான ரோல்) கையேட்டில், நிறங்கள் எதிராக விழும் கலர் நெகட்டிவைத் தம்பி 'நிறமறைச் சுருள்' என்று எழுதியிருந்தார். பொசிட்டிவ், நெகட்டிவை நேர், மறை என்று இலங்கையில் படித்து வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் பிலிமைப் பத்திரப்படுத்தும் பகுதியை எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல்லே காலை வாரிவிட்டது.

நமது பௌதிகப் புத்தகத்தில் மறையேற்றமும் உண்டு, மறைவெப்பமும் உண்டு. முதலாவதில் மறை என்பது எதிரானது; மற்றதில் ஒளிந்திருப்பது. பிலிமில் இரண்டுமே வருகின்றன. ஒளி பட்டதும் ஒளியுணரும் வெள்ளி ஏலைட்டு உப்புப் பளிங்குகளில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உரு விழுகிறது. கழுவிய (டெவலப் செய்த) பிறகுதான் அது நெகட்டிவ். அந்த ஒளிந்திருக்கும் உருவை 'மறையுரு' என்றால் என்ன அழகு! அந்தச் சொல்லை நெகட்டிவுக்குக் கொடுத்து வீணாக்க எனக்கு மனமில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. 'மறைச் சுருளைக் குளிரில் வையுங்கள்' என்றால் எதை வைப்பது, புது நெகட்டிவ் ரோலையா, மறையுரு விழுந்த ரோலையா? உறை பிரிக்காத ரோல் பிறீசரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எடுத்து முடித்த ரோலை உடனே கழுவக் கொடுக்க வேண்டும்; சூட்டில் மறையுரு மங்கும், மூன்று நிறப்படைகளும் ஒரே அளவில் மங்காது. நல்லூர்த் தேரன்று எடுத்த கொடாக் கலர் நெகட்டிவ் போட்ரா 400 ஒன்றை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மறந்து, மூன்று கிழமை கழித்துத்தான் கொழும்புக்கு அனுப்பினேன். 12 படத்திலும் நிழல்கள் சேறு. போதாக்குறைக்கு, பிலிமோடு சுற்றியிருந்து ஈரம் குடித்த பின்தாளில் அச்சிட்டிருந்த எண்கள் வானத்தில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தன. பிறிட்ஜிலிருந்து எடுத்த ரோலையும் ஒன்றிரண்டு மணிநேரம் உறையோடு வெளியே விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் நம் ஊர்க் காற்று அதில் வியர்த்துவிடும்.

எந்த பிலிம் என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடாக்கின் எக்டார் 100 பளிச்சென்று இருக்கும், ஒளி குறைந்தால் மன்னிக்காது. போட்ரா 400 ஒளி ஒன்றிரண்டு ஸ்டொப் (ஒவ்வொரு ஸ்டொப்புக்கும் இருமடங்கு) கூடிப்போனாலும் தாங்கும்.

சரி, நெகட்டிவுக்கு வருவோம். முதலில் 'எதிருரு' என்று நினைத்தேன். அது அலீல், அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவம் என்று வீட்டில் உயிரியல் படிப்பிப்பவர் மறித்துவிட்டார். இப்போது என் தெரிவு 'எதிர்நிறச் சுருள்'. கழுவிய பிலிமில் சிவப்பு மயில்நீலமாகவும், பச்சை மஜெந்தாவாகவும், நீலம் மஞ்சளாகவும் நிற்கின்றன, எல்லாவற்றின் மேலும் ஒரு செம்மஞ்சள் சாயல். 'நிரப்பு நிறம்' என்ற சொல் ஏற்கனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான், ஆனால் கடையில் போய் 'நிரப்புநிறச் சுருள் ஒன்று தாங்கோ' என்றால் பெயின்ற் வாளியைத் தூக்கித் தருவார்கள். கறுப்பு வெள்ளைக்கு வெறும் எதிர்ச்சுருள் போதும்.

இன்னொன்று. 'கழுவுதல்' என்பதை 'விருத்தியாக்கல்' என்று யாரும் திருத்த வேண்டாம். யாழ்ப்பாணத்தில் படம் கழுவித்தான் பழக்கம்.