கொல்லைப்புற மீன் குளத்துக்கு ஃபில்டர் வாங்கிய அனுபவங்கள்: பினாங்கு

பட்டர்வொர்த்திலிருந்து

எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பின் வரிசை வீட்டு மாமா, வேலை ஓய்வு பெற்றதும் கொல்லைப்புறத்தில் கோய் என்ற ஜப்பானிய அலங்கார மீனுக்காகக் குளம் கட்டினார். நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.5, ஆழம் 0.9. சுமார் 3,200 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் வாங்க என்னையும் கூட்டிப் போனார். கடையில் ஒரு பெட்டியைக் காட்டி, "தம்பி, 10,000 லிட்டர்னு போட்டிருக்கு. நம்ம குளத்துக்கு மூணு மடங்கு இருக்குமே" என்றார். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தோம். மீனே இல்லாத குளமென்றால் 10,000, மீன் விட்டால் 5,000, கோய் என்றால் 2,500 என்று சின்ன எழுத்தில் இருந்தது. மாமாவின் குளத்துக்கே அது போதாது.

இந்த விஷயத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஃபில்டர் சுத்தம் செய்வது தண்ணீரை அல்ல, நாம் போடும் தீனியின் விளைவை. மீன் தின்றது அம்மோனியாவாக வெளியே வருகிறது. ஃபில்டருக்குள் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் மீனுக்குத் தீனியை நிறுத்திவிடுவார்கள். இங்கே 365 நாளும் மீன் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும். சூடும் சேர்ந்துகொள்கிறது. பிஎச் 8 உள்ள, அதாவது சற்றுக் காரமான தண்ணீரில், 20 டிகிரியைவிட 30 டிகிரியில் விஷமாக இருக்கும் அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரையும் ஆக்ஸிஜனோ லிட்டருக்கு 9 மில்லிகிராமிலிருந்து 7.5-க்கு இறங்கிவிடும். அதனால் நம் ஊருக்குப் பெரிய ஃபில்டர்தான் சரி.

பம்ப் விஷயத்திலும் இதே கதை. மணிக்கு 5,000 லிட்டர் என்பது தண்ணீரை மேலே ஏற்றாதபோது வரும் கணக்கு. 2.5 மீட்டர்வரைதான் ஏற்றக்கூடிய பம்பை 1.5 மீட்டர் உயரத்து ஃபில்டருக்கு வைத்தால் பாதிதான் வந்து சேரும். கோய் குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று வர வேண்டும். அந்த அளவைப் பார்த்து வாங்குங்கள். 60 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட் கரண்ட் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கடைசியில் மாமா எடுத்தது மூன்று அறைத் தொட்டி. முதல் அறையில் பிரஷ், அழுக்கு அங்கேயே நின்றுவிடும். அடுத்த இரண்டிலும் ஜப்பான் மேட், பாக்டீரியா குடியிருக்கும் முரட்டு நார் விரிப்பு. ஒவ்வோர் அறைக்கும் அடியில் ஒரு வால்வு இருக்கிறது, திறந்தால் சேறு போய்விடும். அவருக்கு முட்டி வலி, குனிய முடியாது. நின்றபடியே கழுவ முடிகிறது என்பதற்காகவே நான் இதைச் சொன்னேன். கழுவுவது கஷ்டமென்றால் எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டரும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மேட்டை மட்டும் பைப் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அலசினால் போதும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் டிங்கிக் காய்ச்சல் வந்தால் கொசுவைக் கொல்ல உடனே புகை அடிப்பார்கள். அதில் பைரித்ராய்டு வகை மருந்து இருந்தால் மீனுக்குக் கொடிய விஷம். என் வீட்டில் ஷவர் ஃபில்டர், தண்ணீர் காற்றில் சிதறி விழும் வகை. ஆக்ஸிஜனுக்கு அதைப்போல வேறில்லை, ஆனால் காற்றில் இருப்பதெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டதுமே ஏர் பம்பையும் ஷவரையும் நிறுத்திவிட்டு, குளத்தின் மேல் கான்வாஸ் போடுவேன். புகை முழுசாகக் கலைந்த பிறகுதான் திரும்பப் போடுவது.

கொசு விஷயமும் உண்டு. குளத்தில் மீன் இருப்பதால் புழு தங்காது. ஃபில்டர் அறைக்குள் மீன் இல்லையே! பம்பை நிறுத்தி வைத்துவிட்டு ஊருக்குப் போனால் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் கட்ட வேண்டிவரும். மூடி இருக்கிற தொட்டியாக வாங்குங்கள், இல்லையென்றால் வலையாவது கட்டுங்கள்.

புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து

தண்ணீர் பச்சையாக இருக்கிறது என்று ஒரு கடையில் யூவி (புற ஊதா) விளக்கை மட்டும் விற்றுவிட்டார்கள். பச்சை போய்விட்டது, உண்மைதான். அம்மோனியா அப்படியே இருந்தது. யூவி மிதக்கிற பாசியைத்தான் அழிக்கும், ஃபில்டர் வேலையைச் செய்யாது. சுவரில் நூல்போலப் படரும் பாசியையும் தொடாது. வருடத்துக்கு ஒருமுறை பல்பை மாற்ற வேண்டும். எரிவது போலத் தெரிந்தாலும் வீரியம் குறைந்திருக்கும். அண்ணே, இடம் குறைவாக இருந்தால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து

வைக்கலாம் தம்பி. மீன் குறைவாக இருக்கட்டும், கரண்ட் போனால் கவனம். மூடிய டப்பாவுக்குள் சில மணி நேரத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீரைக் குளத்துக்குள் விடாதீர்கள். வெளியேறும் பைப்பைக் கழற்றி முதலில் வருவதைக் கால்வாயில் ஊற்றுங்கள். அப்புறம் இரண்டு நாளைக்குத் தீனி வேண்டாம், அம்மோனியாவை டெஸ்ட் செய்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.