அக்காவோட சிங்கப்பூர்: அஞ்சு நாள், ஒரு பழைய போட்டோ

பாமணிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம் எங்களுக்கு. எனக்கு 47, அக்காவுக்கு 58. அறுப்பு முடிஞ்சு நெல்லைக் கொள்முதல் நிலையத்துல போட்டதும், மாசியில நாங்க ரெண்டு பேர் மட்டும் அஞ்சு நாள் சிங்கப்பூர் போறதா இருக்கோம். அக்கா இதுவரைக்கும் போனது வேளாங்கண்ணி, திருப்பதி, ஒரு தடவை ராமேஸ்வரம். அவ்வளவுதான்.

எங்க அப்பா 1962-ல நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறிப் போனவர். தஞ்சோங் பகார் துறைமுகத்துல மூட்டை இறக்குற வேலை. இடையில சில தடவை லீவுல வந்துட்டுப் போயிருக்கார். 1982-ல சிதம்பரம் கப்பல்ல வந்தவர் திரும்பிப் போகல. அப்ப எனக்கு நாலு வயசு. எனக்குத் தெரிஞ்ச அப்பா மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வயலுக்குப் போறவர். அக்காவுக்கு அப்பான்னா கடுதாசி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து அக்காதான் திண்ணையில உக்காந்து எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டும். உடம்பு சரியில்லன்னு அப்பா எழுதியிருந்தா அந்த வரிய மட்டும் தாண்டிட்டுப் படிக்குமாம். இது எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

ஒரு போட்டோ இருக்கு. 1974-ல எடுத்தது. சிங்கத் தலையும் மீன் உடம்புமா வாயிலேர்ந்து தண்ணி கொட்டுற சிலை, முன்னாடி வெள்ளைச் சட்டையில அப்பா, பின்னால தூண் தூணா ஒரு பெரிய கட்டடம். "அப்பா நின்ன எடத்துல நான் நிக்கணும், நீ போட்டோ எடு." அக்கா கேட்டது இது ஒண்ணுதான்.

என் மகன் போட்டுக் கொடுத்திருக்குற பட்டியல்ல 23 இடம் இருக்கு. அக்காவுக்கு முட்டி வலி, சேந்தாப்புல அரை மணி நேரம் நடந்தா உக்காரணும். வெள்ளி, செவ்வாய் சைவம். எதை வச்சுக்கிறது, எதை விடுறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தஞ்சை மேலவீதி

அக்கா, நான் இங்க சிங்கப்பூர்ல 11 வருஷமா இருக்கேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அங்க வந்து நின்னப்புறம் தெரிஞ்சா பெரியக்கா மனசு கஷ்டப்படும். அந்தச் சிலை இப்ப அப்பா நின்ன இடத்துல இல்ல. மெர்லயன் சிலைய 1972 செப்டம்பர்ல சிங்கப்பூர் ஆத்து முகத்துவாரத்துல வச்சாங்க. 1997-ல எஸ்பிளனேட் பாலம் கட்டினதும் கடல்லேர்ந்து பாத்தா சிலை தெரியாமப் போச்சு. அதனால 2002-ல அப்படியே தூக்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் 120 மீட்டர் தள்ளி வச்சுட்டாங்க. எல்லாரும் போட்டோ எடுக்குறது அந்தப் புது இடத்துலதான்.

ஆனா அப்பாவுக்குப் பின்னால தெரியுற தூண் கட்டடம் அங்கேயே இருக்கு. அது ஃபுல்லர்ட்டன் கட்டடமாத்தான் இருக்கணும். 1928-ல கட்டினது, இப்ப பெரிய ஹோட்டல். அந்தக் காலத்துல அதுதான் தலைமைத் தபால் நிலையம். 1996 வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. திண்ணையில படிச்ச கடுதாசியில எத்தனை அந்தக் கட்டடத்து வழியா வந்துச்சோ!

அதனால போட்டோவை மறக்காமக் கொண்டாங்க. எஸ்பிளனேட் பாலத்துக்கும் ஆண்டர்சன் பாலத்துக்கும் நடுவுல, ஆத்தோரமா நின்னுக்கிட்டு, போட்டோவுல இருக்குற தூணையும் எதிர்ல இருக்குற தூணையும் ஒத்துப் பாருங்க. கொஞ்சம் முன்ன பின்ன நகந்தா இடம் பிடிபட்டுரும். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வாங்க. இங்க ஏழு மணி தாண்டித்தான் பொழுது சாயும்.

பக்கத்துலயே கவெனா பாலம், 1869-ல கட்டின இரும்புப் பாலம். வண்டி கிடையாது, நடக்குறவங்களுக்கு மட்டும். மாடு, குதிரை போகக்கூடாதுன்னு அந்தக் காலத்துப் பலகை இன்னும் அங்க இருக்கு. பெரியக்காவுக்குப் படிச்சுச் சொல்லுங்க.

துறைமுகத்துக்குள்ள விடமாட்டாங்க. அப்பா மூட்டை தூக்கின தஞ்சோங் பகார்ல 1972-லயே கொள்கலன் கப்பல் வந்துருச்சு. இப்ப துறைமுகத்தையே மேற்கே துவாஸுக்கு மாத்திட்டிருக்காங்க. அதத் தேடி வெயில்ல அலைய வேண்டாம். அதுக்குப் பதிலா தெலுக் ஆயர் தெருவுக்கு டாக்ஸியில போங்க. அங்க ஒரு நாகூர் தர்கா இருக்கு. நம்ம நாகூர் ஆண்டவர் நினைவா 1828-லேர்ந்து 1830-க்குள்ள கட்டினது. கடலைத் தூர்த்து நிலமாக்குறதுக்கு முன்னாடி அந்தத் தெருதான் கடற்கரை. கப்பல்ல வந்தவங்க முதல்ல கால் வச்ச கரை. அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், 1827-ல தொடங்கினது. இன்னிக்கும் ஐப்பசியில தீமிதி நடக்குது. உங்க ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டது எதாவது இருந்தா இங்கயும் சொல்லிக்கலாம்.

மகாமகக்குளம் வடகரை

நானும் என் அக்காவும் மூணு வருஷம் முன்னாடி போனோம். ரெண்டாம் நாளே சண்டை. ஒரு கேளிக்கைப் பூங்காவில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்க வைத்துவிட்டேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி அறைக்கு வந்ததும் "நீ உனக்காக வந்தியா, என்னைக் கூட்டிக்கிட்டு வந்தியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் எங்கும் ஓடவில்லை. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போனோம். ஒரு கடையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே அக்கா உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா கட்டுகிற கட்டு வேறு மாதிரி இருந்தது. நாரை விரலில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இழுக்கிறார். அக்கா நாரை வாங்கிக் கட்டிக் காண்பித்தாள், அவர் திருப்பிக் கட்டிக் காண்பித்தார். முக்கால் மணி நேரம்! சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று ஊரில் யார் கேட்டாலும் அக்கா முதலில் சொல்வது அந்தப் பூக்கட்டுதான்.

அதனால் தங்கச்சி, பகலில் ஓரிடம், சாயங்காலம் ஓரிடம், அதற்கு மேல் வேண்டாம். வெயில் நேரத்தில் அறைக்கு வந்து படுக்கட்டும். மரினா வளைகுடாத் தோட்டத்தில் பெரிய இரும்பு மரங்களின் விளக்குக் காட்சி தினமும் 7:45-க்கும் 8:45-க்கும், கட்டணம் இல்லை. சீக்கிரம் போனால் உட்கார இடம் கிடைக்கும். தாவரவியல் பூங்காவும் இலவசம், உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு. விமான டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வாங்கிவிடுங்கள். வேண்டாம் என்றுதான் அக்கா சொல்வார், நீங்கள் கேளுங்கள். சாங்கி விமான நிலையத்தில் நடை ரொம்ப அதிகம்.

உறையூர் பாலு

திருச்சியிலேர்ந்து நேர் விமானம், நாலு மணி நேரம் சுமார். அங்க கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. விசா வேணும், அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் மூலமா எடுங்க. அங்க போய்ச் சேர்ற நாளையும் சேத்து, கடைசி மூணு நாளைக்குள்ள வருகை அட்டைய (SG Arrival Card) இணையத்துல நிரப்பணும், அது இலவசம். காசு கேக்குற தளத்துல போய் மாட்டிக்காதீங்க. முட்டி வலி மாத்திரைய டாக்டர் சீட்டோட வச்சுக்கங்க.

இன்னொண்ணு முக்கியம். அக்கா வெத்தலை போடுறவங்களா? புகையிலை ஒரு துண்டுகூடப் பையில இருக்கக் கூடாது. வாயில போடுற புகையிலைக்கு அங்க தடை.

பாமணிக்கரை

எல்லாருக்கும் கும்பிடு. 23 இடத்துல 6 வச்சுக்கிட்டேன். மகன் முகம் சுண்டிப்போச்சு, பரவாயில்ல. புகையிலை விஷயத்த அக்காகிட்ட சொல்லிட்டேன். "அஞ்சு நாள்தானே"ன்னு சொல்லிருச்சு.

மேலவீதித் தம்பி, சிலைய மாத்திட்டாங்கன்னு சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் தபால் நிலையத்தைப் பத்திச் சொன்னேன். எழுந்து போய் பரண்லேர்ந்து ஒரு பிஸ்கட் டின்ன எடுத்துக்கிட்டு வந்துச்சு. அவ்வளவு கடுதாசியும் அதுலதான் இருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது. நீல உறை, ஓரமெல்லாம் கரையான் அரிச்சிருக்கு. ஒண்ணைப் பிரிச்சு, கண்ணாடி போடாமலே, "அன்பு மகளுக்கு, இங்கு நான் நலம்"னு ஆரம்பிச்சுது. நடுவுல ஒரு இடத்துல நிறுத்திட்டு என்னைப் பாத்துச்சு. அப்புறம், அன்னிக்குத் தாண்டிப் போன அந்த வரியப் படிச்சுது. கால்ல மூட்டை விழுந்து பதினஞ்சு நாள் வேலைக்குப் போகலன்னு அப்பா எழுதியிருக்கார்.

அங்கேர்ந்து நம்ம வீட்டு விலாசத்துக்கு ஒரு கடுதாசி போடணும்னு அக்கா சொல்லுது. ஃபுல்லர்ட்டன் பக்கத்துல இப்ப தபால் பெட்டி எங்க இருக்குன்னு யாராவது பாத்துச் சொல்ல முடியுமா? முட்டி வலியோட நடக்குற தூரமா இருந்தா நல்லது.